அமைச்சராக இல்லாமலே: போர்க்கால காமன்ஸ் சபையில் எலினார் ராத்போன்

நீங்கள் கேட்ட கேள்வி இது: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடக்கவில்லை, பெரிய கட்சிகள் எல்லாம் ஒரே அரசில் சேர்ந்துவிட்டன, அதிகாரம் சர்ச்சிலின் போர் அமைச்சரவையிடம் குவிந்தது, அப்படிப்பட்ட நாளில் அமைச்சர் பதவி எதுவும் இல்லாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் உள்நாட்டு விவகாரங்களில் எதையாவது உண்மையில் செய்திருக்க முடியுமா? அல்லது அப்படிச் சொல்வதெல்லாம் பின்னாளில் எழுதப்பட்ட புகழுரையா? உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. அரசைக் கவிழ்க்க யாருமே விரும்பாத ஒரு சபையில், வெறுமனே எழுந்து நின்று கேள்வி கேட்பதால் என்ன நடந்துவிடும் என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நவீன பிரிட்டன் வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். ஹன்சார்ட் என்ற காமன்ஸ் சபை (பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை) நடவடிக்கைப் பதிவுகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். லண்டனில் உள்ள அரசுக் கோப்புகளை நான் நேரில் பார்த்ததில்லை. அவற்றைப் பார்த்தவர்களின் ஆய்வுகளைத்தான் நம்பியிருக்கிறேன். ஆகவே சபையில் நடந்ததைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அமைச்சகங்களின் மூடிய அறைகளில் நடந்ததைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தள்ளி நின்றே பேசுவேன்.

உங்கள் கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் பதில் ஆர்.ஏ. பட்லரின் 1944 கல்விச் சட்டமோ, குண்டுவீச்சுத் தங்குமிடங்களைக் கவனித்த எலன் வில்கின்சனோதான். ஆனால் பட்லர் அமைச்சர், வில்கின்சன் துணை அமைச்சர். நீங்கள் கேட்டது பதவி இல்லாதவரைப் பற்றி. அதற்கு எலினார் ராத்போனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர் அமைச்சராக இருந்ததே இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. லிவர்பூலில் பெரும் வணிகக் குடும்பத்தில் வந்தவர். 1909-இல் அந்நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1929-இல் ஒருங்கிணைந்த ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் என்ற தொகுதியிலிருந்து சுயேச்சையாகக் காமன்ஸ் சபைக்கு வந்தார். போர் தொடங்கியபோது அவருக்கு வயது 67.

அந்தத் தொகுதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இன்று இல்லை. லிவர்பூல், மான்செஸ்டர், லீட்ஸ், பிரிஸ்டல் முதலான பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்கள், வசிக்கும் இடத்தில் உள்ள வாக்கோடு இன்னொரு வாக்கும் பெற்றிருந்தார்கள். அதை அஞ்சலில் அனுப்பினார்கள். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி, போருக்குப் பிந்தைய தொழிற்கட்சி அரசு அந்த ஏற்பாட்டை ஒழித்தது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் ராத்போன் போன்ற ஒருவர் சபைக்குள் இருக்க முடிந்ததற்கு அந்தக் குறையுள்ள ஏற்பாடே காரணம். கட்சிக் கொறடா இல்லை, தொகுதிக் கமிட்டி இல்லை, அடுத்த தேர்தலில் டிக்கெட் கிடைக்குமா என்ற பயம் இல்லை. அவருடைய போர்க்கால வேலையைப் புரிந்துகொள்ள இது முக்கியம். 'எதிரி நாட்டவருக்காக வாதாடுகிறவர்' என்ற பெயரைச் சுமக்க ஒரு சாதாரணத் தொகுதி உறுப்பினர் 1940-இல் துணிந்திருக்க மாட்டார்.

அந்த 1940 கோடைக்கு வருகிறேன். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் பல்லாயிரக்கணக்கில் பிரிட்டனில் இருந்தார்கள், பெரும்பாலோர் யூதர்கள். போர் தொடங்கியதும் தீர்ப்பாயங்கள் அமைத்து அவர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஆபத்தானவர் என்று கருதப்பட்ட முதல் வகையில் சில நூறு பேர். சந்தேகத்துக்குரிய இரண்டாம் வகையில் சில ஆயிரம் பேர். ஆபத்தில்லாதவர் என்ற மூன்றாம் வகையில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள். அதாவது அரசே ஒவ்வொருவரையும் விசாரித்து, இவர்களால் தீங்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. 1940 மே மாதம் ஹாலந்தையும் பெல்ஜியத்தையும் ஜெர்மனி தாக்கியதும் அந்த விசாரணை எல்லாம் மறக்கப்பட்டது. முதலில் கடற்கரை மாவட்டங்களில் இருந்த ஆண்கள், பிறகு இரண்டாம் வகையினர், ஜூன் 10-ஆம் தேதி இத்தாலி போரில் இறங்கியதும் இத்தாலியர், கடைசியில் மூன்றாம் வகை ஆண்கள் என்று வரிசையாகக் கைதுகள் நடந்தன. ஏறத்தாழ 27,000 பேர் முள்வேலிக்குள் போனார்கள். 'எல்லாரையும் பிடித்துப் போடு' என்று சர்ச்சில் உத்தரவிட்டதாக ஒரு வாசகம் எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தச் சொற்கள் எப்போது, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே அதை அடித்தளமாக வைத்து எதையும் கட்ட வேண்டாம். கைதுகள் அமைச்சரவையின் முடிவுப்படி நடந்தன என்பது மட்டும் உறுதி.

முகாம் என்றால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் ராத்போன் எதற்காகக் கொதித்தார் என்பது புரியும். லிவர்பூலை ஒட்டிய ஹைட்டனில் நகராட்சி கட்டிக்கொண்டிருந்த புதுக் குடியிருப்பு ஒன்று, ஆட்கள் குடியேறுவதற்கு முன்பே வேலி போட்டு முகாமாக்கப்பட்டது. வீடு இருந்தது, சாமான் இல்லை. வைக்கோல் அடைத்த சாக்குகளில் படுத்தார்கள். பரி நகரில் கைவிடப்பட்ட பஞ்சாலை ஒன்றில் கூரை ஒழுகியது, எலிகள் ஓடின. செய்தித்தாளும் வானொலியும் தடை செய்யப்பட்டன. கடிதம் எழுதத் தனித் தாள் கொடுத்தார்கள். அதில் 24 வரிகளுக்கு மேல் எழுதக் கூடாது. எழுதிய கடிதமும் வாரக்கணக்கில் தணிக்கை அலுவலகத்தில் தேங்கியது. கணவன் எந்த முகாமில் இருக்கிறான், நாட்டில் இருக்கிறானா கப்பலேற்றிவிட்டார்களா என்பதே மனைவிக்குத் தெரியாத நிலை. நாஜிச் சிறைகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுள் சிலர் இங்கே தற்கொலை செய்துகொண்டார்கள்.

சட்டப்படி அவர்களுக்குப் போக்கிடம் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் குடிமக்களைக் காவலில் வைக்க 18-பி என்ற பாதுகாப்பு விதி இருந்தது. அதில் பேருக்காவது ஓர் ஆலோசனைக் குழு உண்டு. எதிரி நாட்டுக் குடிமக்களை அடைத்ததோ முடியரசின் தனியுரிமை அதிகாரத்தின்கீழ். அதில் தலையிட நீதிமன்றங்கள் முன்வரவில்லை. நீதிமன்றக் கதவும் மூடி, பத்திரிகைகளும் பீதியைக் கிளப்பிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், இந்த மனிதர்களுக்காகப் பேசக்கூடிய ஒரே இடம் நாடாளுமன்றம்தான். ராத்போன் 1938-இலேயே அகதிகளுக்கான நாடாளுமன்றக் குழு ஒன்றை அமைப்பதில் முன்னின்றவர். அதன் தலைவராக இருந்தவர் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் விக்டர் கசாலெட். கைதுகள் தொடங்கியதும் முறையீட்டுக் கடிதங்கள் அந்தக் குழுவுக்கே வந்து குவிந்தன.

1940 ஜூலை 2-ஆம் தேதி, அடைக்கப்பட்டவர்களைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் நாஜிகளும் பாசிஸ்டுகளும் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அப்படி இல்லை என்பது மெல்ல வெளியே வந்தது. ஜூலை 10-ஆம் தேதி காமன்ஸ் சபையில் ஆறு மணி நேரம் அகதிகளைப் பற்றி விவாதம் நடந்தது. எந்த நாளில் என்று யோசித்துப் பாருங்கள்: பிரான்ஸ் விழுந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை, ஜெர்மானியர் எப்போது வேண்டுமானாலும் கரையேறலாம் என்று நாடே காத்திருந்தது. அந்த வாரத்தில், ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களை நியாயமாக நடத்த வேண்டும் என்று கசாலெட்டும் ராத்போனும் ஜோசையா வெட்ஜ்வுட்டும் பேசினார்கள். நான் படித்த நாடாளுமன்ற விவாதங்களில் இதற்கு இணையாக என் மனத்தில் நிற்பவை மிகக் குறைவு. கசாலெட் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, போலந்துத் தலைவர் சிகோர்ஸ்கியோடு ஜிப்ரால்டரில் விமான விபத்தில் இறந்தார். இன்று அவரை நினைப்பவர்கள் அதிகம் இல்லை. அந்த ஒரு நாள் பேச்சுக்காகவாவது நினைக்க வேண்டும்.

பேச்சோடு முடிந்திருந்தால் நீங்கள் சொல்கிற 'புகழுரை' என்ற சந்தேகம் நியாயமாகியிருக்கும். ராத்போனின் பலம் பேச்சு அல்ல. அவர் பெரிய பேச்சாளரும் அல்ல. அவருடைய கருவி கேள்வி. காமன்ஸ் சபையில் கேள்வி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். உறுப்பினர் எழுத்தில் கேள்வி கொடுக்கிறார். அது சபையின் நிகழ்ச்சித் தாளில் அச்சாகிறது. வாய்மொழிப் பதில் வேண்டும் கேள்விகளை அக்காலத்தில் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் ஒருவர் கேட்க முடியாமல் இருந்தது. தாளில் அச்சான அன்றே அமைச்சகத்தில் ஒரு கோப்பு திறக்கிறது. ஓர் அதிகாரி உண்மை நிலவரத்தைத் தேடி எடுக்க வேண்டும். முகாம் தளபதிக்கு எழுதிக் கேட்க வேண்டும். மேலதிகாரி பார்க்க வேண்டும். அமைச்சர் கையெழுத்திட வேண்டும். சபையில் பதில் வந்ததும் உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி கேட்கலாம். அது என்னவாக இருக்கும் என்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அதற்கும் சேர்த்து அதிகாரி தயாரிக்க வேண்டும். இன்னின்ன முகாமில் மருந்து ஏன் இல்லை, கடிதம் ஏன் போகவில்லை, இந்த நோயாளியை ஏன் விடவில்லை என்று வாரந்தோறும் கேள்வி வந்துகொண்டிருந்தால், குறையைச் சரி செய்வதே பதில் எழுதுவதைவிட எளிது என்ற நிலைக்கு அமைச்சகம் வந்துவிடும். எதிர்க்கட்சி இல்லாத சபையிலும் கேள்விக்குப் பயன் இருந்ததற்குக் காரணம் இதுதான். வாக்கெடுப்பில் தோற்பதைப் பற்றி அரசு கவலைப்படவில்லை. தனக்கே தெரியாத தகவல் ஒன்று சபையில் வெளிப்படுவதைப் பற்றித்தான் கவலைப்பட்டது.

அந்தத் தகவலுக்காகத்தான் ராத்போன் அலைந்தார். ஜூலையிலேயே ஹைட்டன் முகாமுக்குச் சென்று பார்த்தார். அவர் குழுவுக்கு வந்த தனிப்பட்ட முறையீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வைட்ஹால் என்ற அமைச்சகப் பகுதியின் தாழ்வாரங்களில் அவர் கையில் ஒரு மூட்டைக் காகிதத்தோடு வருவதைக் கண்டால் துணை அமைச்சர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்று அக்காலத்தவர் சொன்ன கதைகள் உண்டு. சுவையான கதைகள்தான், ஆனால் சான்றாக எடுக்க முடியாது. ஜூலை இறுதியில் உள்துறை அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை சான்று. விடுதலை பெறத் தகுதியானவர்கள் என்று 18 வகையினரை அது பட்டியலிட்டது. முகாம்களின் நிர்வாகம் ராணுவத்திடமிருந்து உள்துறைக்கு மாறியது. ஆகஸ்டில் ஆண்டர்சன், வருந்தத்தக்க, இழிவான காரியங்கள் நடந்துவிட்டன என்று சபையிலேயே ஒப்புக்கொண்டார். போர் நடுவில், கூட்டணி அரசின் உள்துறை அமைச்சர் ஒருவர் அப்படிச் சொல்வது சாதாரணமல்ல.

அந்த 18 வகைகளில் ராத்போனுக்குத் திருப்தி இல்லை. பட்டியல் யார் நாட்டுக்குப் பயன்படுவார்கள் என்பதைப் பார்த்தது. யார் குற்றமற்றவர் என்பதைப் பார்க்கவில்லை. விஞ்ஞானிக்கும் பல் மருத்துவருக்கும் பண்ணை வேலைத் திறன் உள்ளவருக்கும் கதவு திறந்தது. ஹிட்லரை எதிர்த்துச் சிறை சென்ற சாதாரணத் தொழிலாளிக்குத் திறக்கவில்லை. அதற்கும் கேள்விகள் தொடர்ந்தன, வகைகள் பின்னர் விரிந்தன. 1941 நடுவில் பெரும்பாலோர் வெளியே வந்துவிட்டார்கள். இதில் ராத்போனின் பங்கு எவ்வளவு? அரண்டோரா ஸ்டார் துயரம், படையெடுப்புப் பயம் தணிந்தது, தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது, பிரபுக்கள் சபையில் சிசெஸ்டர் பிஷப் ஜார்ஜ் பெல் எழுப்பிய குரல் எல்லாம் சேர்ந்துதான் கொள்கை மாறியது. அவர் இல்லாவிட்டாலும் மாறியிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் எவ்வளவு விரைவாக மாறியிருக்கும், எத்தனை பேர் கூடுதலாக ஒரு குளிர்காலத்தை வேலிக்குள் கழித்திருப்பார்கள் என்று கேட்டால், அவருடைய கேள்விகளின் எடை தெரியும். அந்த மனிதர்களுக்கு ஒரு குளிர்காலம் சிறிய விஷயம் அல்ல.

இரண்டாவது வேலை இதைவிட நீண்டது, விளைவும் பெரியது. அது குடும்ப உதவித்தொகை. இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. அப்போது லிவர்பூலில் போர்வீரர் குடும்பங்களுக்கான பிரிவுப்படி வழங்கும் வேலையை ராத்போன் நிர்வகித்தார். அந்தப் படி வீரனின் மனைவி கைக்கு நேராகப் போனது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடியது. துறைமுகக் கூலிகளின் வீடுகளில், கணவன் சம்பாதித்து வந்து கொடுத்த நாட்களைவிட, அவன் போர்முனைக்குப் போன பிறகு பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டதை அவர் கண்டார். கூலி என்பது தலைக்கு ஒன்று. பிள்ளை ஒன்றானாலும் ஆறானாலும் அதே கூலிதான். ஆகவே பிள்ளை வளர்ப்புச் செலவைக் கூலியிலிருந்து பிரித்துச் சமூகம் ஏற்க வேண்டும், அதைத் தாயிடம் கொடுக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1924-இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். அதைப் படித்து மனம் மாறியவர்களில் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் இயக்குநராக இருந்த வில்லியம் பெவரிட்ஜ் ஒருவர். தம் நிறுவனத்து ஊழியர்களுக்கே பிள்ளைப்படி கொடுக்கத் தொடங்கினார்.

ஆனால் இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த யோசனை நகரவில்லை. கருவூலம் பணமில்லை என்றது. தொழிற்சங்கங்கள் இன்னும் கடுமையாக எதிர்த்தன. பிள்ளைக்குப் படி கிடைக்கிறதே என்று முதலாளிகள் கூலியை இறுக்கிவிடுவார்கள் என்ற பயம் அவற்றுக்கு. அது வெற்றுப் பயம் அல்ல. போரின் நடுவில் கருவூலத்துக்கு இந்தத் திட்டம் இனித்ததற்கு ஒரு காரணமே, எல்லாருக்கும் கூலி உயர்த்துவதைவிடப் பிள்ளை உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பது விலைவாசியைக் கட்டுக்குள் வைக்கும் என்பதுதான். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1940-இல் போர்ச் செலவுக்கு வழி சொன்னபோது பிள்ளைக்கு வாரம் 5 ஷில்லிங் (அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு) என்ற யோசனையையும் சேர்த்தார். நகரத்துப் பிள்ளைகளைக் குண்டுவீச்சுக்குத் தப்ப நாட்டுப்புறத்துக்கு அனுப்பியபோது வெளிப்பட்ட வறுமையும் மனங்களை மாற்றியது. 1939 செப்டம்பர் முதல் நாட்களிலேயே ஏறக்குறைய 15 லட்சம் பேர் அப்படி அனுப்பப்பட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்காரர் ஒரு பிள்ளையை ஏற்றால் அரசு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தது. அதே பிள்ளையைப் பெற்ற தாய் தன் வீட்டில் வளர்த்தால் ஒன்றும் இல்லை. ராத்போன் இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்த வாதத்தை அரசின் சொந்தக் கணக்கே நிரூபித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1941-இல் கட்சி வேறுபாடின்றி 150-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் குடும்ப உதவித்தொகை கோரும் தீர்மானத்தில் கையெழுத்திட்டார்கள். நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட்டைத் தூதுக்குழு சந்தித்தது. 1942-இல் அரசு செலவுக் கணக்கை வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் தொழிற்சங்கங்களும் தொழிற்கட்சி மாநாடும் எதிர்ப்பைக் கைவிட்டன. ஆண்டின் இறுதியில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை, சமூகக் காப்பீடு முழுவதும் நிற்க வேண்டிய மூன்று அடிப்படை அனுமானங்களில் முதலாவதாகப் பிள்ளைப்படியை வைத்தது. முதல் பிள்ளை நீங்கலாக மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 8 ஷில்லிங் என்றார் பெவரிட்ஜ். அரசு 5 ஷில்லிங் மட்டும் என்றது. மீதியைப் பள்ளி உணவாகவும் பாலாகவும் தருவோம் என்றது.

இங்கே உங்கள் சந்தேகத்துக்கு நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். அரசுக் கோப்புகளைத் துருவிய ஆய்வாளர்கள் சிலர், ராத்போனின் இயக்கத்தால் இது நடக்கவில்லை, விலைவாசிக் கட்டுப்பாடும் வேலையில்லாப் படிக்கும் கூலிக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்ற கணக்கும்தான் அரசைத் தூண்டின என்கிறார்கள். சட்டம் வந்ததற்கான காரணத்தில் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். தாயின் கண்ணீரைக் கண்டு கருவூலம் இளகுவதில்லை. ஆனால் சட்டம் எந்த வடிவில் வந்தது என்ற கேள்வியில் அவர் பங்கு மறுக்க முடியாதது. அது 1945-இல் நடந்தது.

அவ்வாண்டு மசோதா வந்தபோது, உதவித்தொகை தந்தையின் சொத்து என்று அதில் எழுதியிருந்தது. தாயும் அஞ்சலகத்தில் போய்ப் பணத்தை வாங்கலாம். ஆனால் உரிமை தந்தைக்கு. பிள்ளையைக் காப்பாற்றும் கடமை சட்டப்படி தந்தையுடையது, ஆகவே பணமும் அவருடையது என்பது அதிகாரிகளின் தர்க்கம். ராத்போன் கால் நூற்றாண்டாக உழைத்தது முழுவதும் அந்த ஒரு வரியில் தலைகீழாகிவிட்டது. பெண்களின் உழைப்பில் உருவாகும் மனிதர்களுக்கான தொகை, அந்தப் பெண்ணைக் கணவனின் ஏஜென்ட் ஆக்கி அவள் கையில் கொடுக்கப்படுமானால், அது அவர் கேட்ட திட்டமே அல்ல. மார்ச் 8-ஆம் தேதி இரண்டாம் வாசிப்பில் எழுந்து, இது திருத்தப்படாவிட்டால் தான் இத்தனை ஆண்டு போராடிய மசோதாவுக்கு எதிராகவே வாக்களிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். வெளியே பெண்கள் அமைப்புகள் கட்சி பாராமல் திரண்டன. அமைச்சர் வில்லியம் ஜோவிட் தரப்பு இறங்கி வந்தது. கொறடா உத்தரவின்றி உறுப்பினர்கள் மனப்படி முடிவு செய்யட்டும் என்று அரசு விட்டுவிட்டது. சபை தாய்க்கே என்றது. 1945 ஜூன் 15-ஆம் தேதி சட்டமானது.

இந்தத் திருத்தம் எவ்வளவு அரியது என்பதைக் காட்ட எதிர்மாறான ஓர் உதாரணம் சொல்கிறேன். 1944 மார்ச்சில் கல்வி மசோதாவில் ஆசிரியைகளுக்குச் சம ஊதியம் என்ற திருத்தத்தை கன்சர்வேட்டிவ் உறுப்பினர் தெல்மா கசாலெட் கீர் கொண்டுவந்தார். விக்டர் கசாலெட்டின் சகோதரி அவர். 117-க்கு 116 என்ற ஒரே வாக்கில் அது வென்றது. சர்ச்சில் இரண்டே நாளில் அதை நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, 425-க்கு 23 என்று அடித்துப் போட்டார். போர்க்காலத்தில் பெண்கள் தொடர்பான ஒரு கோரிக்கை வாக்கில் வென்றும் தோற்றுப்போனது அங்கே. ராத்போனின் கோரிக்கை நின்றதற்கு, அதற்காகக் கருவூலம் ஒரு பென்னிகூடக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம். யார் கையில் கொடுப்பது என்பதுதான் விவகாரமே. அரசுக்குச் செலவு இல்லாத இடத்தில் நியாயம் எளிதாக வென்றது. செலவு வந்த இடத்தில் சர்ச்சில் வந்து நின்றார்.

ராத்போன் தோற்ற இடத்தையும் சொல்ல வேண்டும். 1942 இறுதியில் ஐரோப்பிய யூதர்கள் கொன்றொழிக்கப்படுவது பகிரங்கமானதும், தப்பக்கூடியவர்களுக்கு விசா கொடுங்கள் என்று ராத்போன் கெஞ்சினார். ஆண்டர்சனுக்குப் பின் உள்துறைக்கு வந்த ஹெர்பர்ட் மாரிசன் அசைந்து கொடுக்கவில்லை. அகதிகளைப் பற்றிப் பேச 1943 ஏப்ரலில் கூடிய பெர்முடா மாநாடும் வெறுங்கையோடு முடிந்தது. முகாமில் கடிதம் தாமதமாவதைச் சரி செய்த அதே கேள்விகள் இங்கே சுவரில் மோதித் திரும்பின. முகாம்கள் விஷயத்தில் அமைச்சகம் தன் பிழையை மறைக்க முடியாமல் திணறியது. விசா விஷயத்தில் அது தன் நிலையே சரி என்று உறுதியாக நம்பியது. அப்படி நம்பும் அரசை அசைக்கத் துணைக்கேள்வி போதாது.

இந்திய வாசகர்கள் என்பதால் இன்னொன்று. நம்மில் சிலருக்கு இவரை வேறு வழியில் தெரிந்திருக்கும். குழந்தைத் திருமணத்துக்கு எதிராக எழுதியவர் அவர்; இந்தியப் பெண்களுக்காகத் தாம் பேசலாம் என்று அவர் எடுத்துக்கொண்ட உரிமையை இந்தியப் பெண் தலைவர்களே அன்று மறுத்தார்கள். 1941-இல் போரில் ஒத்துழைக்க மறுக்கும் இந்தியர்களைக் கண்டித்து அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்துக்கு, நோய்ப் படுக்கையிலிருந்து தாகூர் கடுமையான பதில் கொடுத்தார். இரண்டு மாதத்தில் தாகூர் மறைந்தார். தாகூர் சொன்னதே நியாயம். ஹைட்டன் முகாமின் வேலிக்குள் இருந்தவர்களின் தரப்பிலிருந்து உலகத்தைப் பார்க்க முடிந்தவரால், காலனி ஆட்சிக்குள் இருந்தவர்களின் தரப்பிலிருந்து பார்க்க முடியவில்லை. குடும்ப உதவித்தொகைக்கு அமைச்சரவைக்குள் ஆதரவாக நின்ற லியோ அமெரிதான் வங்கப் பஞ்சத்தின்போது இந்தியாவுக்கான அமைச்சர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். லங்காஷயர் பிள்ளைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் தேவை என்று அந்த அரசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் இறந்தார்கள். ராத்போனின் உள்நாட்டு வேலையை இது சிறியதாக்காது. 'உள்நாடு' என்பதன் எல்லை எங்கே முடிந்தது என்பதைக் காட்டுகிறது.

முதல் உதவித்தொகை 1946 ஆகஸ்டில் சுமார் 25 லட்சம் குடும்பங்களுக்குப் போயிற்று; ராத்போன் அந்த ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதியே இறந்துவிட்டார். நீங்கள் மேலும் தேடிப் பார்க்க விரும்பினால், அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுக்குப் போவதற்கு முன் ஹன்சார்டில் இரண்டு நாட்களை முழுதாகப் படியுங்கள்: 1940 ஜூலை 10, 1945 மார்ச் 8. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர் பேச்சை மட்டும் தேடிப் படிக்காமல், அவருக்குப் பதில் சொன்ன அமைச்சர்களின் பேச்சையும் சேர்த்துப் படியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் தடுமாறுகிறார்கள், எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு போனால், ஒரு பின்வரிசை உறுப்பினரின் கை எதுவரை எட்டியது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.